கடல் பார்த்த வீடும் மூடி வைத்த கிணறும்

மூன்றாம் நாள் விடியற்காலை, ஐந்து மணி இருக்கும். கனமான வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அப்புறம் இரும்பு மூடி திறக்கும் சத்தம், தடித்த குழாயைத் தரையில் இழுத்துப் போடும் சத்தம், கடைசியில் மோட்டார். பாதித் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, "டேங்கர் வந்துடுச்சு, இன்னைக்கு நீங்க போய் மீட்டர் பாருங்க" என்று கணவரை உலுக்கினேன். பெங்களூரில், எங்கள் காடுகோடி அபார்ட்மெண்டில் இரண்டு மாதமாக அதுதான் என் அதிகாலை. கண்ணைத் திறந்தால் கொசுவலை கட்டிய நாலு தூண் கட்டில், சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே வெளுத்துக்கொண்டிருந்த இந்தியப் பெருங்கடல். நாங்கள் இருந்தது இலங்கையின் தென்கரையில், வெலிகமவில், நாலு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்த ஒரு கடலோர வில்லாவில். சத்தம் மட்டும் பெங்களூருச் சத்தம். அங்கே அதை டேங்கர் என்று சொல்வதில்லை, பவுசர் என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பவுசர் நிரப்பிக்கொண்டிருந்தது எங்கள் நீச்சல் குளத்தை.

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பியும் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 மார்ச் பெங்களூரில் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வரே சொன்ன மாதம் அது. காவிரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேறி வருகிறது, ஆனால் எங்கள் பக்கத்துக்கு அப்போது அந்தக் குழாயே வரவில்லை. ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் தொடங்கியது அந்த வருடம் அக்டோபரில்தான். 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று அரசு உச்ச விலை வைத்தது, அந்த விலைக்கு எங்கள் கேட்டுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. குடிநீரால் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால், நீச்சல் குளத்தை நிரப்பினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் சங்கத்தின் தண்ணீர்க் குழுவில் நான் இருந்தேன். குளத்தை மூடியது நாங்கள்தான். 'இது தண்ணீர் நேரம், விளையாட்டு நேரம் இல்லை' என்று நானே எழுதி, லிஃப்டுக்குள் ஒட்டினேன். குழந்தைகள் என்னைப் பார்த்து முறைத்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சரியான காரியம் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே நான், சரியாக ஒரு மாதம் கழித்து, பவுசரில் வந்த தண்ணீரில் மல்லாந்து மிதந்தேன்.

வீடு தேடியது

அம்மாவுக்கு ஏப்ரலில் எழுபது. அம்மா பிறந்தது தங்கச்சிமடத்தில், ராமேசுவரம் தீவு. அப்பா இறந்த பிறகு ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் என் வீடு. எழுபதுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "படுத்த எடத்துல இருந்து கடல் தெரியணும், அவ்வளவுதான்" என்றாள். பெங்களூரில் இருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம்தான். இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் இல்லாத காலம் அது. அண்ணன் குடும்பம், நாங்கள், என் நாத்தனார் குடும்பம், மூன்று வீடும் சேர்ந்தால் பெரிய வீடே எடுக்கலாம் என்று முடிவானது.

ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடினேன். 'ஓஷன் ஃப்ரண்ட்' என்று போட்டிருப்பார்கள், வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஏ2 சாலை ஓடும், காலி நகரம் வழியாகப் போகிற பேருந்தெல்லாம் அதில்தான் பறக்கும். சிலவற்றில் ரயில் பாதை. 'ஓஷன் வியூ' என்றால் மாடியில் ஒரு மூலையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். மே பிறந்தால் தென்மேற்குப் பருவமழை, அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும், குளிக்க முடியாது, அதனால் ஏப்ரலுக்குள் போயாக வேண்டும். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று பழைய வீடு, மரம் நிறைந்த வளவு, வாடகையும் குறைவு. ஆனால் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: குளத்தில் தண்ணீர் ஒரு சாண் குறைவாகவே இருந்தது, ஷவரில் வேகம் இல்லை, குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அறையில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள், மூன்று நட்சத்திரம். நான் அதைப் படித்துவிட்டு அந்த வீட்டைத் தள்ளினேன். இரண்டு மாதம் பக்கெட்டில் அளந்து குளித்தவள், அங்கேயும் போய் அளக்க வேண்டுமா என்று தோன்றியது. இந்த ஒரு முடிவைப் பற்றிக் கீழே திரும்ப வருகிறேன்.

எடுத்த வீடு ஐந்து படுக்கையறை. ஒரு ராத்திரிக்கு 450 டாலர், அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் அந்த ஜனவரியில் 18 சதவீதமாக ஏறியிருந்த வாட் வரி. நாலு ராத்திரிக்கு நம் பணத்தில் கிட்டத்தட்ட 1,95,000 ரூபாய், மூன்று குடும்பமாகப் பிரித்தோம். சமையலுக்கு ஆள் உண்டு, சாமான் செலவு மட்டும் நம்முடையது. படங்களில் இருந்ததை விட வீடு அழகு. புல்தரை முடிகிற இடத்தில் குளம், குளம் முடிகிற இடத்தில் தென்னை, அப்புறம் மணல், கடல். இடது பக்கம் தள்ளிப் பார்த்தால் விரிகுடாவுக்குள் டாப்ரபேன் என்ற குட்டித் தீவு. 1920களில் டி மௌனி என்கிற ஐரோப்பியர் அதில் கட்டிய வில்லாவும் இப்போது வாடகைக்குத்தான் விடப்படுகிறது, இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போய்விடலாம். அம்மா முதல் நாள் சாயங்காலம் முழுக்க நாற்காலியை விட்டு எழவே இல்லை. "பாம்பன்ல நின்னா இந்தப் பக்கம்தான் பார்ப்போம், இப்ப இந்தப் பக்கத்துல இருந்து பார்க்கிறேன்" என்றாள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நிலமே கிடையாது, அம்மா பார்த்தது வேறு திசை. யாரும் திருத்தவில்லை.

புல்தரையின் ஓரத்தில் ஒரு பழைய கிணறு. வட்டமான கல் சுவர், சுண்ணாம்பு அடித்து, மேலே தேக்கு மரத்தில் மூடி செய்து, மூடியின் மேல் ஏழெட்டுப் பூந்தொட்டிகள், ராத்திரியில் எரிய ஒரு விளக்கு. விளம்பரப் படங்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகள் எல்லாம் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ராத்தா

சமைக்க வந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. முதல் நாள் மேனேஜர் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார், நாங்களும் ஆங்கிலத்தில் தலையாட்டினோம். அண்ணன் மகள் "பாட்டி, எனக்குப் பசிக்குது" என்று என் அம்மாவிடம் சொன்னதும் அவர் திரும்பி, "பசிக்குதா மகள், இந்தா இப்ப தாறன்" என்றார். வெலிகமவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டோம். "இங்க எல்லாரும் ராத்தா எண்டுதான் கூப்பிடுற." அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தங்கச்சிமடத்தில் பக்கத்து வீட்டு அக்காவையும் ராத்தா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. தேங்காய்ச் சம்பல் எப்படி இடிப்பது, இங்கே பாரை மீனுக்கு என்ன பேர், அங்கே கருவாட்டுக்கு எத்தனை நாள் வெயில். கடலைப் பார்க்க இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தால், அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாளே என்று முதலில் எனக்குச் சின்ன மனக்குறை. பிறகு விட்டுவிட்டேன்.

பவுசர் வந்த அன்று காலை தேநீர் எடுக்கப் போனபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏம்மா, இம்மாம் பெரிய கிணறு இருக்கே, எதுக்கு வண்டியில தண்ணி வருது? அந்தக் கிணத்துத் தண்ணி எப்படி?"

ராத்தா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "அது எங்கட கெணறு அக்கா. எங்கட வாப்பா வெட்டினது."

அந்த நிமிடம் நான் கையில் கோப்பையோடு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் எந்த ஆதங்கமும் இல்லாமல், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். இந்தப் புல்தரையில் மூன்று வீடுகள் இருந்தன, ஒன்று அவர்களுடையது, 12 பேர்ச் நிலம். அங்கே நிலத்தைப் பேர்ச்சில்தான் அளக்கிறார்கள், 160 பேர்ச் ஒரு ஏக்கர். நம் ஊர்க் கணக்கில் 12 பேர்ச் என்றால் முப்பதுக்கு நாற்பது அடி மனை மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வீட்டுக்கும் தேத்தண்ணி போட, குடிக்க, சமைக்க இந்த ஒரு கிணறு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அந்த நாட்டில் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. காலை ஒன்பது மணியைத் தாண்டிக் கடல் வந்தது. யார் யார் போனார்கள் என்று ராத்தா சொல்லவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது.

அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் கிணற்றைப் பற்றித்தான். கிணறு முழுக்கக் கடல் தண்ணீரும் சேறும். யாரோ நல்ல மனசோடு மோட்டார் கொண்டுவந்து இறைத்தார்கள், இறைக்க இறைக்க உப்பு கூடியது. பிறகு வேறு சிலர் வந்து, இறைக்காதீர்கள், மழைக்கு விட்டுவிடுங்கள் என்றார்கள். அப்போது தீவின் கரையோரம் முழுக்க ஆயிரக்கணக்கான கிணறுகளில் இதுதான் நடந்திருக்கிறது. விட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் தண்ணீர் மறுபடியும் இனித்தது. ஆனால் குடிக்க வீட்டார் இல்லை. கடலில் இருந்து 100 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் தென்கரைக்கு ஒரு கோடு போட்டிருந்தது, அவர்களுக்கு உள்ளே தள்ளி வேறு இடத்தில் வீடு கொடுத்தார்கள். பின்னால் அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். அதற்குள் நிலம் கைமாறிவிட்டது, வீடு கட்ட முடியாத இடம் என்ற விலைக்கு. வில்லா எழும்பியது. புதியவர்கள் கிணற்றில் மோட்டார் இறக்கிக் குளத்தை நிரப்பினார்கள்.

"ஒரு சீசன்தான் அக்கா. அடுத்த சீசன்ல கரிக்கத் தொடங்கிட்டு. பக்கத்து ஊட்டுக் கெணறும் கரிச்சிட்டு. பொறகு மூடி, பூ வெச்சாங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மூடியைத் தொறக்கலாமா?"

நானும் அண்ணனும் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். ராத்தா ஒரு வாளியும் கயிறும் கொண்டுவந்தார். பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணீர், சுத்தமாக, வானம் தெரிந்தது. அம்மா வாளியை மோதாமல் இறக்கினாள், அலம்பாமல், மேல் தண்ணீரை மட்டும் முகர்கிற மாதிரி. உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "கரிக்குது. ஆனா சாகல" என்றாள்.

அள்ளினால், இறைத்தால்

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த ராத்திரி அம்மாவுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு அவர்கள் பக்கத்துக் கிணறுகளும் உப்பாகி, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையை நாங்கள் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். கடலில் இருந்து பத்துக் காலடி தள்ளி, கையாலே மணலைப் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும், இன்றைக்கும் தனுஷ்கோடியில் அப்படித்தான் எடுக்கிறார்கள். கொட்டாங்கச்சியால் மெதுவாகக் கோர வேண்டும். கோரிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "அள்ளினா இனிப்பு, இறைச்சா உப்பு" என்பாள் அம்மா. ஏதோ கிராமத்து நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் அது அப்படியே நிலத்தடி நீரியல் என்று தெரிந்தது. கடலோர மண்ணுக்குள் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நாற்பதில் ஒரு பங்கு கனம் குறைவு என்பதால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். திருப்பிச் சொன்னால், மேலே ஒரு அடியை மோட்டார் உறிஞ்சினால் கீழே இருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளுகிறவரை மழை அதை ஈடுகட்டிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான், அங்கே அதைச் செய்தது சுனாமி இல்லை, மோட்டார்கள்தான்.

நான் குளத்தைக் காலடி வைத்து அளந்தேன். நீளம் 10 மீட்டர், அகலம் 4, ஆழம் சராசரி 1.4 வைத்தால் 56,000 லிட்டர். காடுகோடி டேங்கர் கணக்கில் ஏறக்குறைய ஐந்து. அது ஒரு தடவை நிரப்ப. அப்புறம் வெயிலில் ஆவியாவது, பிள்ளைகள் குதித்துத் தெறிப்பது, வடிகட்டியைக் கழுவுவது, ஐந்து குளியலறை, புல்தரை. கடல் கிணற்றுக்குள் வந்து போன பிறகும் இரண்டு மழையில் தேறிய தண்ணீர், எங்களைப் போன்ற விருந்தாளிகள் ஒரு சீசன் குளித்ததில் தேறவில்லை. இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சில் இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் இதை லேசாகத் தள்ளிவிடுகிறவர் இல்லை, யோசித்துத்தான் பேசினார். 2022இல் இந்த நாடு திவாலாகி, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றது, நாம் கொடுக்கும் டாலர் அவர்களுக்குத் தேவை, ராத்தாவுக்குச் சம்பளம் வருவது இந்தக் குளம் இருப்பதால்தான், நாம் வராமல் இருந்தால் கிணறு இனித்துவிடுமா என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ராத்தாவிடமே கேட்டேன், இங்கே வேலை செய்ய மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. "என்ன கஷ்டம் மகள், ஊட்டைப் பாத்துக்கொண்டு ஈக்கலாமே" என்றார். அவர் ஊடு என்றது எந்த வீட்டை என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

நான் மேனேஜரிடம் போய், இனி இருக்கிற ஒரு நாளுக்குக் குளத்தில் தண்ணீர் சேர்க்க வேண்டாம், குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் சின்னப் பையன், மாத்தறைக்காரர், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடியாது மேடம் என்றார். நாளைக்குச் சாயங்காலம் அடுத்த விருந்தாளிகள் வருகிறார்கள், குளத்தில் ஒரு சாண் குறைந்தால் ரிவ்யூவில் எழுதிவிடுவார்கள், ஒரு நட்சத்திரம் குறைந்தால் புக்கிங் போய்விடும் என்றார்.

நான் தள்ளிவிட்ட அந்த இன்னொரு வீடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு சாண் குறைந்த குளம், குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்ன அட்டை. அந்த வீட்டுக்காரர் தன் கிணற்றை அள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்திருக்கலாம். அதே அட்டையைத்தானே நான் எங்கள் லிஃப்டில் ஒட்டினேன்? மேனேஜரை நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, அந்தப் பவுசரை வரவழைத்ததில் என் விரலும் இருக்கிறது.

கடலோர வீடே எடுக்காதீர்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா அந்த நாலு நாள் தூங்கிய தூக்கத்தை நான் பார்த்தேன், அதை எந்த விலைக்கும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். ஆனால் நாம் கடலுக்கு முன்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது காசு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் உப்புத் தண்ணீருக்கு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நல்ல தண்ணீருக்கும்தான். படுக்கை எத்தனை, வைஃபை வேகம் என்ன, காபி மெஷின் உண்டா என்றெல்லாம் போடுகிற விளம்பரத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இருப்பதில்லை, நாம் கேட்பதும் இல்லை. இப்போது நான் கேட்கிறேன். போன மாதம் நாத்தனார் அந்தமானில் ஒரு வீடு பார்த்தபோதும் முதல் கேள்வியாக அதைத்தான் எழுதச் சொன்னேன். கிணறா, குழாயா, வண்டியா, குளம் எதற்கு, குளம் இல்லாத வீடு இருக்கிறதா. பதில் வந்தது, வருவதற்கு மூன்று நாள் ஆனது. அந்தப் பழைய வீட்டின் பக்கத்தையும் தேடிப் போனேன். தங்காத வீட்டுக்கு நட்சத்திரம் போட வழியில்லை. தங்கிய வீட்டுக்கு நீளமாக எழுதினேன்: ராத்தாவின் சமையல், கிணற்றின் கதை, குளத்தில் தண்ணீர் குறைந்தால் குறையட்டும், அதற்காக ஐந்து நட்சத்திரமும் தருகிறேன் என்று. அந்தப் பையனுக்கு அது ஏதாவது உதவியதா, தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காலை பூந்தொட்டிகளைத் திரும்ப ஏற்றி வைத்தோம். அம்மா ராத்தாவிடம், "பவுசர் தண்ணி எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டாள். "உள்ளுக்க அக்கா, வயல் பக்கம் ஒரு கெணறு ஈக்குது" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காடுகோடிக்கு வந்த இரண்டாம் நாள் அதிகாலை டேங்கர் வந்தது. மீட்டர் பார்க்க நான் இறங்குவதற்குள் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே நின்றிருந்தாள். டிரைவர் தர்மபுரிக்காரர், எனக்குத் தெரிந்தவர்தான், இரண்டு மாதமாக அவரிடம் எத்தனை லிட்டர் என்பதைத் தவிர நான் எதுவும் கேட்டதில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக் கிணறுப்பா இது?"

"ஹொஸ்கோட்டே தாண்டிம்மா. போரு. ஆயிரத்து இருநூறு அடி."

"அங்க இருக்கிற சனத்துக்குத் தண்ணி இருக்கா?"

அவர் குழாயைச் சுற்றி வண்டியின் பக்கவாட்டில் மாட்டினார். வால்வை ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார்.

"தெரியலைம்மா. நான் ராத்திரிலதான் போறேன்."